வத்தல் காயாத கல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல் டிப்போ. ஒரு ஆள் இரும்பு வாளியோடு முன்னால் நடக்கிறார். வரிசையாகச் சாய்த்தும் தரையில் படுக்க வைத்தும் இருக்கும் கற்களின் மேல் கையால் தண்ணீரை அள்ளி வீசுகிறார். அதுவரை எல்லாக் கல்லும் ஒரே புழுதி நிறம். தண்ணீர் பட்டதும் ஒன்று கறுப்பாகிறது. அடுத்தது பச்சையாகிறது. அதற்கடுத்தது பிசைந்து வைத்த கோதுமை மாவுபோல ஆகிறது. அப்பா ஒவ்வொன்றையும் பார்த்து "ம்" என்கிறார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன், செருப்புக்குள் வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு.

சித்திரை மாதத்து மத்தியானம். அந்த வெயிலில், அந்த ஊரில், பாவாடை தாவணிக்குக் கீழே சாக்ஸ் போட்டிருந்த ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

வாளி வைத்திருந்தவர்தான் டிப்போவுக்கு முதலாளி என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, காதில் பென்சில் செருகியிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கல் விற்கிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"எந்த ரூமுக்கு அண்ணாச்சி?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்த ஒரு கேள்விக்கு எங்கள் வீட்டில் பல மாதங்களாக யாராலும் நேரான பதில் சொல்ல முடியவில்லை.

சாக்ஸ்

போன வாரம் இந்தத் தொடரில் அப்பாவின் கழிவுப் பஞ்சுக் குடோனைப் பற்றி எழுதியிருந்தேன். பத்திரிகை அலுவலகத்திலிருந்து பேசிய பெண், ‘பஞ்சு ஒட்டிய சாக்ஸ் என்று ரெண்டு இடத்தில் வருதே, குடோனுக்குள் எதற்கு சாக்ஸ்?' என்று கேட்டார். எழுதும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. கை தானாக எழுதிவிட்டிருக்கிறது. அவரிடம் என்னென்னவோ சொல்லி மழுப்பினேன். போனை வைத்த பிறகு, இதை எழுதாமல் இனி மேலே போக முடியாது என்று தோன்றியது.

நான் பத்தாவது முடித்த கோடையில் இடது காலில், கட்டைவிரலை ஒட்டி, ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. வெள்ளையடித்த சுண்ணாம்பு தெறித்திருக்கும் என்று நினைத்துத் தேய்த்துக் கழுவினேன். மறுநாளும் கழுவினேன். மழைக்காலம் வருவதற்குள் அது பாதம் முழுக்கப் பரவி, கணுக்காலைத் தாண்டி, முழங்காலுக்குக் கீழே பூவரச இலைபோல ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று வந்துவிட்டது.

வலி இல்லை. அரிப்பு இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. வலித்தால் நோய் என்று சொல்லலாம். வலிக்காத ஒன்றுக்கு எதற்கு அம்மா இப்படி அழுகிறாள்?

அம்மாதான் சாக்ஸ் வாங்கி வந்தாள். டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்திருந்தார்கள், நிறுத்திவிட்டார்கள். கான்சாபுரத்தில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் வீடு ஒன்று இருந்தது. அவர்கள் தங்கள் மகனுக்கு என்னைக் கேட்டு வைத்திருந்தார்கள். அங்கே விசேஷம் என்றால் அப்பா மட்டும் போய் வந்தார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்வார். ஒரு வருஷத்தில் எனக்கு எத்தனை முறை காய்ச்சல் வந்திருக்கும் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள்.

நேர் வெயில்

மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் அப்பா கூட்டிப் போனார். டாக்டர் என் காலைத் தொட்டுப் பார்த்தார். அதற்கு முன் யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை, நானே குளிக்கும்போது தொடுவதுதான். இது ஒட்டாது, பெரிய நோய் இல்லை, நிறம் போய்விட்டது அவ்வளவுதான் என்றார். நிறம் திரும்ப வருமா என்று அப்பா கேட்டார். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

மருந்து இதுதான்: சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து அந்த இடங்களில் வெயில் பட வேண்டும். முதலில் கொஞ்ச நேரம், போகப் போகக் கூட்டிக்கொண்டு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் ஆகாது, நேர் வெயில்.

ராஜபாளையத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று நினைப்பீர்கள். வெயில் இருந்தது. அதில் உட்கார இடம் இல்லை.

எங்கள் வீடு ஒடுக்கமான தெருவில் இருந்தது. தரையில் எங்குமே முழங்காலுக்கு வெயில் விழாது. இருந்தது மொட்டை மாடிதான். பக்கத்து வீடோ எங்களைவிட ஒரு மாடி உயரம். அது மங்கம்மா அத்தை வீடு. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எனக்குச் சொந்தமில்லை, கூப்பிடுகிற முறைதான் அத்தை. அவர் என்னை ‘அம்மாயி' என்பார், பெண்ணே என்று அர்த்தம். அவருடைய இரண்டு மகன்களும் மில்லில் ஷிப்ட் வேலை. பகல் முழுக்க அத்தை தன் மாடியில் எதையாவது காயப் போட்டுக்கொண்டு, எடுத்துக்கொண்டு இருப்பார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் மாடி, சாப்பாட்டுத் தட்டு மாதிரி அப்படியே தெரியும்.

அங்கே நான் பாவாடையை முழங்கால் வரை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், சாயந்தரத்துக்குள் தெருவுக்குத் தெரியும். அந்த வாரத்துக்குள் கான்சாபுரத்துக்குத் தெரியும்.

அதனால் மாடியில் ஒரு வெயில் அறை கட்டுவது என்று அப்பா முடிவு செய்தார். ஆள் உயரத்துக்கு மேலே நாலு சுவர், அத்தை மாடியிலிருந்து பார்த்தால் சுவர் மட்டும்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. கூரை கிடையாது, மேலே கம்பி வலை. ஒரு கதவு. உள்ளே உட்கார நல்ல தரை.

நாலு பேருக்கு நாலு பதில்

கொத்தனார் சங்கரன் வந்து மாடியை அளந்தார். எதற்கு ரூம் என்று கேட்டார். அப்பா யோசிக்காமல், தண்ணீர்த் தொட்டி என்றார். தொட்டிக்கு எதற்குக் கதவு என்று அவர் கேட்டதும் சாமி அறை என்றார். மழை பெய்தால் சாமி நனையாதா என்று அவர் கேட்டார்.

அதே சமயம் கீழே அம்மா பால்காரப் பெண்ணிடம், மேலே குளியலறை கட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மங்கம்மா அத்தை தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டபோது, பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு ரூம் என்றார் அப்பா. நான் படிப்பை நிறுத்தி நாளாகியிருந்தது. அது அத்தைக்கும் தெரியும்.

மறுநாள் சங்கரன் கொத்தனார் இது எல்லாவற்றையும் கேள்விப்பட்டு வந்து நின்றார். "அண்ணாச்சி, நீங்க என்ன சொன்னாலும் கட்டித் தாரேன். ஆனா ஒண்ணைச் சொல்லுங்க."

அப்பா அண்ணாந்து பார்த்தார். மங்கம்மா அத்தை மாடியின் கைப்பிடிச் சுவர் மேல் முறங்களில் மிளகாயும் மோர் மிளகாயும் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"வத்தல் காயப் போடதுக்கு" என்றார் அப்பா.

எல்லாம் பொருந்திவிட்டது. கூரை இல்லாதது வெயிலுக்கு. கம்பி வலை காக்காய்க்கு. கதவு பூனைக்கு. கொத்தனாரின் முகம் தெளிந்துவிட்டது. அப்பாவுக்குமே அந்தப் பதில் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், பூனை நுழையாமல் கதவை இன்னும் கொஞ்சம் அடிவரை இறக்கச் சொல்ல வேண்டும் என்றார். அம்மா ரசம் ஊற்றினாள்.

கறுப்புக் கல்

நல்ல கொத்தனார் அவர். வத்தலுக்கு என்று சொன்னதால், வத்தலுக்கு எது நல்லதோ அதையே செய்தார். அப்பா குடோனுக்குப் போயிருந்த நேரம் மாட்டு வண்டியில் கடப்பா கல் வந்து இறங்கியது. பாளம் பாளமாகக் கறுப்பு. இந்தக் கல்லில் காலையில் போட்டால் சாயந்தரம் ஒடியும் என்றார். வேண்டாம் என்று சொல்ல எங்கள் யாரிடமும் ஒரு காரணமும் இல்லை. சொல்லக்கூடிய காரணம் இல்லை என்று சொல்ல வேண்டும்.

பதித்து முடித்து, கலவை இறுகத் தண்ணீர் கட்டி வைத்திருந்த நாட்களில் அந்தத் தரை எவ்வளவு அழகாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. வானம் அப்படியே உள்ளே கிடந்தது. கம்பி வலையின் கட்டங்கள் அதன் மேல் கோலம்போல விழுந்திருந்தன. எனக்கென்று ஒரு அறை என்பதே பெரிய விஷயம். அதில் இப்படி ஒரு தரை.

மாசி மாதத்தில் உட்கார ஆரம்பித்தேன். பங்குனி பிறந்ததும் உட்கார முடியவில்லை. பாயை விரித்தேன், பாய் சுட்டது. சாக்கை மடித்துப் போட்டேன், சாக்கும் சுட்டது. அம்மா பலகை கொண்டு வந்தாள். பலகையில் உட்கார்ந்தால் கால் நீட்ட முடியாது, காலில் தானே வெயில் பட வேண்டும். தண்ணீர் தெளித்தால் உஸ்ஸென்று ஆவி எழுந்து மூச்சை அடைத்தது. கல்லிலிருந்து கிளம்பும் அனல் நாலு சுவருக்குள்ளேயே நின்றது. ஒரு நாள் எழுந்தபோது தலை சுற்றி, நிலைதடுமாறி வெறும் கல்லில் காலை வைத்துவிட்டேன். வெள்ளையான இடத்தில் பெரிய கொப்புளம்.

மறுபடி மதுரை. டாக்டர் கோபித்துக்கொண்டார். கொப்புளம் ஆறும் வரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார்: "வெயில்தான் வேணும். சூடு வேண்டாம்."

பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும் வரை அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். சூடு இல்லாத வெயில் எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டாள். கார்த்திகையில் இருக்கும் என்றார் அப்பா. அப்போது மேகம் மூடுமே என்றாள் அம்மா. இருவரும் டாக்டர் சொன்னதைத் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று என்னைக் கேட்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன் என்றேன். ஆனால் எனக்கும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொல்லிவிட்டாள், போதும் என்று. கால் பொசுங்குவதற்கா இத்தனையும் என்றாள். அப்பா குனிந்து கொப்புளத்தைப் பார்த்தார்.

"ஒரு தடவை கல்லை மாத்திப் பாப்போம். அதுவும் சரிப்படலைன்னா விட்டுருவோம் பாப்பா. மாத்திரை, வெயில், எல்லாத்தையும்."

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அந்த அறையும் போய்விட்டால், சாக்ஸ்தான் எனக்கு மிச்சம்.

வத்தல் கருகுதா?

கல்லை மாற்ற வேண்டும் என்று சங்கரன் கொத்தனாரிடம் அப்பா சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வத்தல் கருகுகிறது என்று காரணம் சொன்னார். கொத்தனார் மாடிக்குப் போய், குனிந்து, கல்லில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது, அதை மறைக்கவும் பார்த்தார்.

"வத்தல் காய்ஞ்சா நல்லதுதான அண்ணாச்சி?"

அதிகமாகக் காய்கிறது என்றார் அப்பா.

இனிமேல் கல்லுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, நீங்களே ஒன்றைக் கொண்டுவந்து போடுங்கள், பதித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தெரு முனை வரை தலையை ஆட்டிக்கொண்டே போனது எங்கள் வாசலிலிருந்து தெரிந்தது.

ராஜபாளையத்தில் கல் கடை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும். மில் மில்லாகப் போய்க் கழிவுப் பஞ்சு எடுப்பவர். அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். என்னை எதற்குக் கூட்டிப் போனார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. கோயிலுக்கு என்று நினைத்து என் தலையில் பூ வைத்து அனுப்பியிருந்தாள்.

தண்ணீர் ஊற்றாத கல்

ஆக, எந்த ரூமுக்கு என்று டிப்போக்காரர் கேட்ட இடத்துக்கு வருகிறேன்.

அப்பா கடைசியில் பழைய பதிலையே சொன்னார். வத்தல் காயப் போட. உடனே அவர் கறுப்புக் கல் பக்கம் நடந்தார். அப்பா அவசரமாக, இது வேண்டாம், சூடாகாத கல்லாக வேண்டும் என்றார்.

டிப்போக்காரர் நின்றார். காதில் இருந்த பென்சிலை எடுத்து, மறுபடி அங்கேயே செருகிக்கொண்டார்.

"சூடாகாத கல்லுல வத்தல் எப்படிக் காயும் அண்ணாச்சி? இல்ல, காயக் கூடாதுங்கிறீகளா?"

கல் இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

பஞ்சு மில் முதலாளிகளிடம் நின்று வாதாடுகிறவர் அவர். ஒரு வாளித் தண்ணீருக்கு முன்னால் இப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் வெளி ஆட்களிடம் பேசிப் பழக்கமில்லாதவள். இப்போதும் ரேஷன் கடையில் என் முறை வந்தால் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிடுவேன். அன்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"வத்தலுக்கு இல்ல. நான் உக்காரதுக்கு."

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். யாரும் கேட்காததால் மேற்கொண்டு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றினேன். குனிந்து சாக்ஸைக் கழற்றினேன். வியர்வையில் அது காலோடு ஒட்டி உருண்டு உருண்டு வந்தது. எனக்கே என் கால் புதிதாகத் தெரிந்தது. அந்த வெயிலில் அது அவ்வளவு வெள்ளை.

தரையில் படுக்க வைத்திருந்த கல்லில் ஏறினேன். குளுகுளுவென்று இருந்தது. அடுத்த கல்லில் ஏறினேன். அதுவும் குளிர்ந்திருந்தது. பச்சைக் கல், மஞ்சள் கல், கறுப்பில் கோடு போட்ட கல், எல்லாம் ஒரே மாதிரி. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எங்கள் வீட்டுக் கடப்பா கல் மாதிரியே இருந்த ஒன்றில் ஏறினேன், அதுவும் குளிர்ந்திருந்தது. அப்படியானால் என் கால்தான் பொய் சொல்கிறதா?

அதற்குள் டிப்போக்காரர் எனக்கு உதவுவதாக நினைத்து, நான் மிதிக்கப் போகும் கல்லின் மேல் இன்னொரு கை தண்ணீரை வீசினார்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. "தண்ணி ஊத்தாதீங்க" என்றேன். "காயட்டும்."

காத்திருந்தோம். ரோட்டில் ஒரு சிவகாசி பஸ் போனது. கற்களிலிருந்து நிறம் ஒவ்வொன்றாகப் போனது. பச்சை போய்ச் சாம்பல் ஆனது, கறுப்பின் மேல் புழுதி பூத்தது. நான் சாக்ஸைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு கல்லின் ஓரத்தில் நின்றேன். அப்பா துண்டை இரண்டு கையாலும் விரித்து, காயவைப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டு ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. ரோட்டுக்கும் எனக்கும் நடுவில் அவர் நிற்கிறார் என்பதைச் செத்த நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

காய்ந்த பிறகு மறுபடி ஏறினேன். கறுப்பில் ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை. பச்சையில் கொஞ்ச நேரம் நின்றேன். வெள்ளை மார்பிள் நன்றாக இருந்தது, அப்பா முகம் மலர்ந்தது. ஆனால் அதிலிருந்து எழும்பிய வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நீர் வழிந்தது. தலையில் பூ, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வெறும் கால். எப்படி இருந்திருப்பேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கடைசியில், யாரும் காட்டாத ஒரு கல். சுவர் ஓரமாக, பாலிஷ் போடாமல், சொரசொரவென்று, வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்து கிடந்தது. ஷாபாத் கல் என்றார்கள். ஏறினேன். சுட்டது, ஆனால் விடாமல் சுடவில்லை. முதலில் ஒரு சூடு, பிறகு கால் அதற்குப் பழகிவிட்டது. நின்றேன். உட்கார்ந்தும் பார்த்தேன். காலை நீட்டினேன்.

"இது" என்றேன்.

பாலிஷ் போட்டுத் தரவா என்று டிப்போக்காரர் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பென்சிலால் கல்லின் முதுகில் அளவு எழுதினார். என் காலைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்க்காமல் எப்படி இருந்திருப்பார்? ஆனால் அவர் சொன்னது இவ்வளவுதான்.

"அந்தப் பக்கம் வெறுங்கால்ல போகாதம்மா, கல்லுச் சில்லு கெடக்கு."

வரும் வழியில் அப்பா பால்கோவா வாங்கினார். இலைப் பொட்டலம் மடியில் சூடாக இருந்தது. சாக்ஸை மறுபடி போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அன்றோடு எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் இல்லை

சங்கரன் கொத்தனார் கறுப்புக் கல்லைப் பெயர்த்து எடுத்தார். அது அடுக்களைக்கு அலமாரிப் பலகையாகப் போனது. அம்மா நீண்ட நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள். புதுக் கல்லைக் கொத்தனார் முறைப்படி பதித்தார். சரிவு பார்க்க ரசமட்டம் வைப்பார், கரண்டிக் காம்பால் கல்லைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். அடியில் பொள்ளலாக இருந்தால் தூக்கிவிட்டு மறுபடி கலவை போடுவார். எல்லாம் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, "இதுல வத்தல் காயாது. பொறவு என்னையச் சொல்லக் கூடாது" என்றார்.

ஒரு விஷயம் மட்டும் குறையாக நின்றது. கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். வத்தல் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் எதற்கு? கொத்தனார் வைக்கவில்லை. வைக்கச் சொல்ல அப்பாவால் முடியவில்லை. நான் மேலே இருக்கும்போது அம்மா படிக்கட்டின் அடியில் முறம், அரிவாள்மனை என்று ஏதாவது வேலையோடு உட்கார்ந்துகொள்வாள்.

கல் சரியாக இருந்தது. பாயை விரித்தால் உட்கார முடிந்தது, காலை வெறும் கல்லில் நீட்ட முடிந்தது. ஆனால் முதலில் நடந்தது இன்னும் குழப்பம். சுற்றியிருந்த தோல் வெயிலில் கறுத்துவிட்டதால் வெள்ளை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அம்மா, இது கூடிவிட்டது என்று அழுதாள். கூடியதா, அப்படித் தெரிகிறதா என்று அப்பா நூலை வைத்து அளந்து பார்த்தார். போன வாரம் நூலை எங்கிருந்து எங்கே வைத்து அளந்தோம் என்பதில் இருவருக்கும் சண்டை.

அப்படி ஒரு நாள், வைகாசியில், அம்மா கடைக்குப் போயிருந்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மாதான் என்று நினைத்தேன். கதவு திறந்தது. மங்கம்மா அத்தை.

ஒரு கையில் கூழ் வத்தல் மாவுச் சட்டி, கரண்டி. தோளில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டி.

அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அல்லவா, வத்தல் அறை என்று. அத்தை வத்தல் போட வந்திருக்கிறார்.

நான் பாவாடையை இழுத்துவிடக்கூட நினைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை வாசலில் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில் ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

"அம்மாயி, செத்த தள்ளி உக்காரு."

தள்ளினேன். அவர் ஈர வேட்டியை என் பாய்க்குப் பக்கத்தில் விரித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரண்டியால் மாவை ஊற்றத் தொடங்கினார். சின்ன மகனுக்கு ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள் என்றார். சீரகம் விலை ஏறிவிட்டது என்றார். மலைப் பக்கமிருந்து காற்று வந்து சுவரைத் தாண்டி உள்ளே சுழன்றது. வேட்டியின் காய்ந்த முனை எழும்பி மாவின் மேல் புரளப் பார்த்தது. அவர் இரண்டு கையிலும் மாவு.

"ஏட்டி, பாத்துட்டே இருக்கியே. அந்த முனையில ஒங்கால வச்சு அமுக்கு."

இந்தக் காலா என்று கேட்க வாயெடுத்தேன். வலது காலை எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். எட்டவில்லை. இடது காலைத் தூக்கி, அந்தத் துணியின் முனையில் வைத்தேன். கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி அவர் அடுத்த வத்தலை ஊற்றினார். அதற்கடுத்ததை இன்னும் கிட்டே ஊற்றினார்.

எங்கள் வீட்டில் நான் காய் நறுக்கியே பல மாதம் ஆகியிருந்தது. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அம்மா என் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான்.

காயாத வத்தல்

சங்கரன் கொத்தனார் சொன்னதுதான் நடந்தது. அந்தக் கல்லில், மத்தியானம் தாண்டினால் விழுகிற சுவர் நிழலில், வத்தல் காயவில்லை. சாயந்தரம் அத்தை வந்து பார்த்தபோது நடுவெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. மறுநாளும் வெயிலில் விட்டார். மூன்றாம் நாள் துணியிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அந்தக் கோடை முடிகிற வரைக்கும் வந்தார். அவர் மாடியில் சிமெண்டுத் தரை அனல் பறக்கும், காலையில் போட்டது மாலையில் கலகலவென்று ஒடியும். அதை விட்டுவிட்டு, மாவுச் சட்டியோடு இரண்டு வீட்டுப் படி இறங்கி ஏறி, காயாத இடத்துக்கு எதற்கு வந்தார்? வாசலில் நின்ற அந்த ஒரு கணத்தில்தான் பார்த்தாரா, அதற்கு முன்பே அவர் மாடியிலிருந்து எல்லாம் தெரிந்திருந்ததா? கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தெருவில் யாராவது எங்கள் மாடி அறையைப் பற்றிப் பேச்செடுத்தால், அங்கேதான் நானும் வத்தல் போடுகிறேன் என்று அத்தை சொல்வாராம். பால்காரப் பெண் அம்மாவிடம் சொன்னது இது.

முழங்காலுக்குக் கீழே இருந்த வெள்ளையில் ஆவணி வாக்கில் மிளகு தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து வருஷக் கடைசியில் அந்த இரண்டும் மூடிவிட்டன. பாதத்தில் இருந்தது மூடவில்லை, இன்றும் இருக்கிறது. மாத்திரையா, வெயிலா, கல்லா, தானாகவா, எதனால் ஒன்று போய் ஒன்று நின்றது என்று டாக்டரும் சொல்லவில்லை. கான்சாபுரத்துக்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் கால்தானா என்பதும் தெரியாது. எனக்கு எப்படிக் கல்யாணம் ஆனது என்பதை எழுதலாமா என்று வீட்டில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அந்தக் கோடையில் ஒவ்வொரு முறையும் அத்தை ஒரு தூக்குச் சட்டி நிறைய வத்தலை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதை எண்ணெயில் போட்டால் பொரியாது. ஓரம் மட்டும் விரியும், நடுவில் மெத்தென்று புளிப்பாக இருக்கும். அம்மா ஒவ்வொரு தடவையும் அதை வறுத்து, அப்பா தட்டிலும் என் தட்டிலும் தன் தட்டிலும் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் மீதம் வைக்காமல் மென்று தின்றோம்.